பூவரசின் குடியுரிமை

உலகில் எந்த உயிர் உள்ளூர், எது வெளிநாடு என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி படைத்தவர்கள் கிளியரிங் ஏஜெண்டுகள்தாம். காலங்காலமாகக் கப்பல் சரக்குக்குப் 'பிறந்த நாடு' எழுதிவரும் எங்களுக்கு, போனால் போகிறதென்று மீனுக்கும் மரத்துக்கும் எழுதுவது பெரிய காரியமா?

ஆகவே, பொதுமக்கள் படமெடுத்துப் போடும் 'ஊருயிர்' செயலியில், 'நாட்டினமா, அயலினமா' என்ற கட்டத்தில் மலிந்திருந்த பிழைகளைத் திருத்த எங்கள் தூத்துக்குடிச் சங்கம் களமிறங்கியது. விதி ஒன்றுதான். துறைமுகக் கேட்டுக்கு உள்ளேயோ, சுங்கச் சீல் போட்ட சரக்குக் கிட்டங்கிக்கு உள்ளேயோ எடுத்த படமென்றால் அந்த உயிர் கப்பலில் வந்தது; அயல். ரோட்டில் எடுத்தால் நாடு. இதன்படி, துறைமுகத்தில் கப்பலைக் கட்டி நிறுத்தும் சுவரில் ஒட்டியிருந்த முத்துச்சிப்பியையே அயலினமாக்கிவிட்டார் செயலாளர் நேசக்குமார். உறுப்பினர்கள் அத்தனை பேரும் செயலியில் ஆமோதித்தோம். செயலி பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டது. விஞ்ஞானம் என்றால் அதுதானே!

என் கிட்டங்கிக்குள் ஒரு பூவரசு நின்றது. விதிப்படி அதுவும் செயலியில் அயல். அடிமரம் உள்ளே, கிளைகள் மதிலைத் தாண்டி ரோட்டில் செல்லக்கனியின் டீக்கடைக்குக் குடை பிடித்தன. கடைக்கு வேறு கூரை கிடையாது. லாரி டிரைவர்கள் அங்கே நிறுத்துவதே நிழலுக்காகத்தான், டீ அப்புறம்தான். இந்த நேரம் பார்த்துச் சங்கம் 'அயல் மரமற்ற கிட்டங்கி' என்றொரு விருதை அறிவித்தது. மரத்தை வெட்டினால் விருது எனக்கு.

செயலியில் ஆட்சேபம் போட்ட தாவரவியல் டீச்சர் விஜிலா, நேரிலும் வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, பூவரசு இந்தக் கடக்கரையில தானா மொளைக்கிற மரம். யாரும் கப்பல்ல கொண்டாரல. திருத்துங்க."

"டீச்சர், சீல் வச்ச கிட்டங்கிக்குள்ள நிக்குதே. எறக்குமதிக்கு பில் ஆஃப் என்ட்ரி இருக்கா?" என்றேன்.

"மரத்துக்கு எதுக்கு அண்ணாச்சி பில்லு?"

"பில்லும் இல்லையா? அப்பம் கடத்தல் சரக்கு!" என்று துள்ளினார் உடனிருந்த நேசக்குமார்.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து செல்லக்கனி குரல் கொடுத்தாள். "அந்தக் கெளையில மட்டும் கை வச்சிராதிய அண்ணாச்சி. எம் பொழப்பே அதுலதான் இருக்கு."

எனக்கு மனசு இளகிவிட்டது. உடனே அவசரக் கூட்டம். வெளிக் கிளைகளை ரோட்டில் நின்றுதானே படமெடுக்க முடியும்? ஆகவே அடிமரம் அயல், கிளைகள் நாடு என்று ஏகமனதாக முடிவானது. 'நாட்டுக் கிளைகளில் ஓர் இலையைக்கூடத் தொடலாகாது' என்று தீர்மானத்தில் சேர்க்கச் சொன்னதே அடியேன்தான். விஜிலா டீச்சர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஆனந்தம் தாங்கவில்லை போலிருக்கிறது.

மறுநாள் அடிமரத்தை மட்டும் அறுத்தோம். தீர்மானத்தில் ஓர் அட்சரம் பிசகவில்லை. கிளைகள் தாமாகவே விழுந்தன. அது அவற்றின் சொந்த முடிவு. செல்லக்கனி பாய்லரை முன்கூட்டியே நகர்த்தி வைத்திருந்தாள். எங்கள் நிர்வாகத் திறமையில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

விருது விழாவில் விழுந்த மாலை கழுத்தில் கிடக்க அவள் கடைக்குப் போனேன். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. பெஞ்சில் ஒரு டிரைவர்கூட இல்லை.

"ஏளா, ஒரு டீ போடு. என்னா வெயிலு!" என்றேன், கர்ச்சீப்பைத் தலையில் போட்டுக்கொண்டு.

செல்லக்கனி டீயை நீட்டினாள்.

"இந்த வெயிலு எந்த நாட்டுச் சரக்குன்னு நீங்களே எழுதிக்கிடுங்க, அண்ணாச்சி. இங்கன கொண்டாந்து இறக்குனது யாருன்னு மட்டும் நான் சொல்லுதேன்."