பெரிய மச்சானுக்கு வெள்ளையடித்த அறையில் மலைப்பாம்பு

பலெர்மோ,
2004 தை மாதம், புதன்கிழமை.

பேரன்பும் பெருமதிப்பும் உள்ள பெரிய மச்சான், ஓய்வுபெற்ற தபாலதிபர் திரு. தில்லையம்பலம் அவர்கள் சமூகத்துக்கு,

உங்கள் தங்கை நாகேஸ்வரியின் புருசன் அல்பேட் பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்களும் வீட்டாரும் நயினை நாகபூசணி அம்மன் காவலில் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று, வேதக்காரனாக இருந்தாலும், நானும் மனதார மன்றாடுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். ஆனால் அது சுத்தப் பொய். மகள் தர்சனா சுகம். உங்கள் தங்கை மிக மிகச் சுகம். நான் ஒருவன்தான் சுகமில்லை. காரணம், இந்த மாத முடிவில் எங்கள் வீட்டுக்கு ஒரு மலைப்பாம்பு குடிவருகிறது. ஊரில் வெங்கிணாந்தி என்போமே, அதுதான். இரண்டு நாள் விருந்துக்கு அல்ல, நிரந்தரமாக.

எங்கள் கலியாணத்துக்குப் பிறகு தாங்கள் எங்களோடு ஒரு சொல் பேசியதில்லை. நாங்கள் போட்ட கடிதம் ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. ஊர்ச்சனத்தின் கடிதமெல்லாம் தவறாமல் சேர்ப்பித்த தபாலதிபருக்கு ஒரு முத்திரைதான் கிடைக்கவில்லையாக்கும் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன். சரி, அதைக் கிளற இது நேரமில்லை. இப்போது வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தாங்கள் நாகேஸ்வரியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "பாம்பு வீட்டுக்குள்ளை வரக்கூடாது" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என் சொல்லுக்கு இந்த வீட்டில் மருந்துக்கும் மதிப்பில்லை. உங்கள் சொல்லை அவள் மீறியது ஒரே ஒரு தடவைதான், அதுவும் என்னைக் கட்டுவதற்காக. அதோடு போதும் என்று இருக்கிறாள். தபாலில் போட்டால் பாம்பு வந்து முட்டையும் இட்டுவிடும் என்பதால், சனிக்கிழமை ஊருக்கு வருகிற அகஸ்ரின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். அவர் நல்ல மனுசன், ஒரு தேத்தண்ணி கொடுங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். பொலிதேயாமாப் பக்கம் ஒரு மாடிக் கட்டடத்துக்கு நான்தான் போர்த்தியேரே, அதாவது வாசல் காவலாள். படி கழுவுவேன், குப்பை எடுப்பேன், வருகிற கடிதங்களைப் பிரித்துப் பெட்டிகளில் போடுவேன், ஆகவே நானும் ஒருவகையில் உங்கள் உத்தியோகம்தான். கீழ்த்தளத்தில் எங்களுக்கு மூன்று சின்ன அறையும் குசினியும் தந்திருக்கிறார்கள். மூன்றாம் மாடிச் சிஞ்ஞோராவுக்கு ஃபாப்ரிட்சியோ என்று ஒரு மகன். மற்றப் பிள்ளைகள் நாய் வளர்ப்பார்கள், பூனை வளர்ப்பார்கள், இந்தச் சீமான் கார்மெலினா என்று பெயர் வைத்து ஒரு மலைப்பாம்பு வளர்த்திருக்கிறான். நீளத்தைக் கேட்காதீர்கள், பருமன் என் தொடையளவு. இப்போது அவனுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்துவிட்டது. "பாம்பை இஞ்சை விட்டிட்டுப் போனால் நான் இஞ்சை இல்லை" என்று தாய்க்காரி சொல்லிவிட்டாள். அந்த மனுசிக்குப் புத்தி இருக்கிறது. என் வீட்டில் யாருக்கு இருக்கிறது?

நான் வாளியும் தும்புத்தடியுமாக உள்ளே வர, தர்சனா சிரித்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

"பப்பா, கார்மெலினா இனி எங்களோடதான் இருக்கப் போறா."

"ஆர் பிள்ளை அது? உம்மோட படிக்கிற பெட்டையோ? தாய் தகப்பன் சம்மதமோ?"

"இல்லை பப்பா, மூண்டாம் மாடிப் பாம்பு. நொன் தி ப்ரெயோக்குப்பாரே, ஒண்டுக்கும் கவலைப்படாதேங்கோ, அவ சரியான அமைதி."

சந்தையில் விலாங்கு மீன் கிடந்தாலே அடுத்த தெருவால் சுற்றிப் போகிறவன் நான். "நாகேஸ், கேட்டீரே உம்மட மகளின்ர கதையை!" என்று குசினிப் பக்கம் திரும்பினேன். உங்கள் தங்கை அகப்பையை வைத்துவிட்டு, கை இரண்டையும் கூப்பிக்கொண்டு நிற்கிறாள். கண்ணில் தண்ணீர். "நாகதம்பிரான் கடல் தாண்டி எங்களைத் தேடி வாறார். வேண்டாமெண்டு சொல்ல நாங்கள் ஆர்?" என்கிறாள். நாகதம்பிரான் கடல் தாண்டி வரவில்லை, மூன்றாம் மாடியிலிருந்து லிஃப்டில் வருகிறார் என்று சொன்னேன் மச்சான். கேட்டால்தானே!

சரி, எங்கே வைப்பது என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதில்தான் என்னைப் பேனை எடுக்க வைத்தது. ஊரில் சமாதானம் வந்து பாதை திறந்த கையோடு, "அண்ணா இனி வருவார்" என்று சொல்லி, எங்கள் வீட்டுச் சின்ன அறைக்கு உங்களுக்கென்று தன் கையாலேயே வெள்ளையடித்தாள். கட்டில் போட்டாள். நுளம்பே இல்லாத மாரியிலும் நுளம்பு வலை கட்டினாள். ஒரு சுவரில் உங்கள் நாகபூசணி அம்மன், எதிர்ச்சுவரில் எங்கள் மாதா, நடுவில் நீங்கள் சாய்ந்திருக்க ஒரு கதிரை. கிழமைக்குக் கிழமை கட்டில் விரிப்பு மாற்றுவாள். எனக்குக் காய்ச்சல் வந்து அனுங்கினபோது கூட அந்தக் கட்டிலில் படுக்க விட்டாளா? "அது அண்ணான்ர" என்றாள். அந்த அறையைத்தான் மச்சான், "அண்ணா வாறதாத் தெரியேல்லை. அறை சும்மாதானே கிடக்கு" என்று சொல்லிப் பாம்புக்குக் கொடுத்துவிட்டாள். சொல்லும்போது என் முகத்தை அவள் பார்க்கவில்லை. உங்கள் கட்டிலைக் கழற்றியது நான். இந்த அநியாயத்தைத் தாங்கள் கேட்க மாட்டீர்களா?

இப்போது அந்த அறையைப் பார்த்தால் பெரிய ஆசுப்பத்திரி தோற்றது. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடிப் பெட்டி. அடியில் சூடாக்கும் விரிப்பு, மேலே விளக்கு, மூலையில் வெப்பமானி, குளிக்க ஒரு தொட்டி, ஒளிந்திருக்க ஒரு மரப்பொந்து, வெளியே பூட்டு. பாம்புக்கு முப்பது பாகைச் சூடு வேண்டுமாம்! கல்லுக் கட்டடத்துக் குளிரில் நான் சப்பாத்தோடு படுக்கிறேன். போன மாரி முழுக்க ஒரு சூடாக்கி வாங்கித் தாரும் என்று கெஞ்சினேன். "கம்பளிச் சட்டையை ரெண்டாப் போடுங்கோ" என்றவள் இவள்தான். பாம்பு விளக்கையும் சோற்றுக் குக்கரையும் ஒன்றாகப் போட்டால் வீட்டில் கரண்ட் நின்றுவிடுகிறது. ஆகையால் வராத பாம்புக்கு அறை சூடாகி முடிந்த பிறகுதான் இருக்கிற மனுசனுக்குச் சோறு. கடதாசி விஷயத்தைக் கேட்டால் உங்களுக்கும் வயிறு எரியும். என் பெர்மெசோவை, அதாவது இங்கே இருக்கிறதுக்கான அனுமதியை, புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் ஏதோ ஒரு கடதாசி என்னிடம் குறையும். இந்தப் பாம்புக்குப் பிறந்த இடம், வளர்ந்த இடம், இன்னார் பொறுப்பு என்று எல்லாம் முத்திரை குத்தி, ஒரு கோப்பில் வடிவாக அடுக்கி இருக்கிறது. பாம்பு இந்த நாட்டில் ஒருநாளும் வரிசையில் நின்றிராது.

சாப்பாட்டுக்கு வருவோம். உறைந்த முயலும் உறைந்த எலியும் எங்கள் ஃபிறிட்ஜின் மேல்தட்டில், முருங்கைக்காய்ப் பொதிக்கும் அறக்குளா மீனுக்கும் நடுவில் இருக்கின்றன. போன ஞாயிறு பூசை முடிந்து பங்குப் பெண்கள் சங்கத்து அற்புதமலர் அக்கா சாப்பிட வந்தவர், சும்மா இராமல், "கோழியை நான் வெட்டித் தாறன்" என்று பொதியை எடுத்துப் பிரித்தாரே பாருங்கள்! போட்ட கூச்சலுக்கு மாடி மாடியாகச் சனம் எட்டிப் பார்த்தது. எலி யாருக்கென்று தெரிந்ததும் அவருக்கு இன்னும் கோபம். "மாதா காலுக்குக் கீழை போட்டு மிதிக்கிற சாமானுக்கு நீர் கட்டில் கழட்டி இடம் குடுக்கிறீரோ அல்பேட்? வெக்கமாயில்லையோ?" என்று கேட்டுவிட்டு, கைப்பையிலிருந்து தீர்த்தப் போத்தலை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்கும் ஃபிறிட்ஜுக்கும் எனக்கும் தெளித்துவிட்டுப் போனார். எனக்குத்தான் கூடுதலாகத் தெளித்தார்.

அது வேதக்காரப் பக்கம். சைவப் பக்கம் சும்மா இருக்குமா? அதற்கு இரண்டு நாள் முந்தி, வெள்ளிக்கிழமை, நாகேஸ்வரியின் சிநேகிதிகள் பாலும் முட்டையும் மஞ்சளும் பூத்தட்டுமாக வந்து இறங்கினார்கள். பாம்பு இன்னும் வரவில்லை என்று வாசலிலேயே சொன்னேன். "அதனால என்ன, இருக்கப் போற இடம்தானே" என்று உள்ளே போய், வெறும் கண்ணாடிப் பெட்டிக்குக் குங்குமம் வைத்து, வெப்பமானிக்குச் சந்தனம் பூசி, கற்பூரம் கொளுத்தி, அரோகரா சொல்லிக் கும்பிட்டார்கள். வெப்பமானியில் இப்போது எத்தனை பாகை என்று ஒருவருக்கும் தெரியாது, சந்தனம் காய்ந்து ஒட்டிவிட்டது. கற்பூரப் புகையைக் கண்ட முதலாம் மாடிச் சிஞ்ஞோரா நெருப்புப் பிடித்துவிட்டது என்று இரவுச் சட்டையோடு ஓடிவந்து, "அல்பேர்த்தோ, என்ன எரியுது?" என்று கேட்டா. "ஒண்டுமில்லை சிஞ்ஞோரா, ஒரு பாம்பு வருமெண்டு பார்த்துக்கொண்டிருக்கிறம்" என்றேன். சிலுவை போட்டுக்கொண்டு படியேறினவ இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

இதற்குள் உங்கள் தங்கைக்கு வேறு ஒரு சந்தேகம். ஃபாப்ரிட்சியோவை மறித்து, "தம்பி, வெள்ளிக்கிழமையில மட்டும் இவருக்கு மரக்கறி குடுக்கேலாதோ?" என்று கேட்கிறாள். அந்தப் பொடியன் முழுசிவிட்டு, பாம்பு மாதத்தில் ஒருதரம்தான் சாப்பிடும், மற்ற நாளெல்லாம் பட்டினிதான் என்றான். "அப்ப முழுக்க விரதம்! பாத்தியளே, நீங்கள் ஒரு நேரம் தாங்க மாட்டியள்" என்று என்னைப் பார்த்து ஒரு சொல். பாம்போடு ஒப்பிட்டு நான் தோற்ற முதல் நாள் அது. வெள்ளியில் வீட்டுக்குள் முயல் கூடாது என்று அவள் சொன்னாள். தபசு காலத்து வெள்ளியில் எங்களுக்கும் இறைச்சி ஆகாது என்று நானும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். எங்கள் கலியாணத்தில் இரண்டு சமயமும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட தீர்மானம் இது ஒன்றுதான்.

கடைசியாக என் பயிற்சி. இவ்வளவு பெரிய பாம்பைத் தனி ஆளாகத் தூக்கவே கூடாதாம். தலைப்பக்கம் தர்சனா. நாகேஸ்வரிக்குத் தோளில் நோவு. ஆக, வால் எனக்கு! எனக்கு வேண்டுமா என்று ஒருவர் கேட்கவில்லை. படியில் விரிக்கிற கம்பளத்தைச் சுருட்டி என் தோளில் போட்டு, "இறுக்காதேங்கோ பப்பா, அது பாம்பு, மூட்டையில்லை, அணைக்கிற மாதிரிப் பிடியுங்கோ" என்று மகள் பாடம் எடுக்கிறாள். கழுத்தில் கம்பளமும் நெற்றியில் வியர்வையுமாக நான் வாசலில் அரக்கி அரக்கி நடந்ததை இங்கத்தைத் தபால்காரன் கண்டான். உங்கள் உத்தியோகத்து மனுசன், ஒன்றும் கேளாமல் கடிதங்களை வைத்துவிட்டு ஓடிவிட்டான்.

ஆகவே மச்சான், எங்கள் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும், அதை வைத்தே ஒரு அதட்டுப் போடுங்கள். உங்களுக்கென்று வெள்ளையடித்த அறை உங்கள் கண் முன்னே பாம்புக்குப் போகிறது. இதற்கும் பேசாமல் இருந்தால் பிறகு எதற்குப் பேசுவது? அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். அம்மன் அருளும் மாதாவின் மன்றாட்டும் உங்கள் குடும்பத்தை விட்டு ஒருபோதும் நீங்காதிருக்கட்டும்.

வால் பிடிக்க விதிக்கப்பட்ட,
உங்கள் தங்கை புருசன்,
அல்பேட்.

பின்குறிப்பு, சனி காலை: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். ஃபாப்ரிட்சியோவுக்கு அவசரமாகப் போக வேண்டி வந்ததால் பாம்பு வியாழனே வந்துவிட்டது. வாலை நான்தான் பிடித்தேன். உயிரோடு இருக்கிறேன். அன்றைக்கே மிருக வைத்தியர் வந்து பார்த்து, கார்மெலினா ஆண் என்று சொல்லிவிட்டார். ஆம்பிளைக்குக் கார்மெலினா என்ற பெயர் ஆகாது என்று நாகேஸ்வரி வேறு பெயர் யோசித்தாள். அது வந்த நேரம் தொட்டு மூலையில் சுருண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல் கிடக்கிறது. "கோவம். அசல் எங்கட அண்ணாவேதான்" என்று சொல்லி, தில்லையம்பலம் என்று பெயர் வைத்துவிட்டாள். தாங்கள் கோபிக்கக்கூடாது. நேற்று நான் படி கழுவிவிட்டு வர, அந்த அறைக்குள் பேச்சுச் சத்தம் கேட்டது. "அண்ணா, உங்களுக்கெண்டுதானே இந்த அறைக்கு வெள்ளையடிச்சனான். தர்சனாவைப் பாருங்கோ, அப்பிடியே உங்கட மூக்கு. என்னோட ஒரு சொல்லும் கதைக்க மாட்டியளோ அண்ணா?" பாம்பு பேசாமல் கிடந்தது. நான் வாளியோடு வாசலில் நின்று அழுதேன் மச்சான், பாம்புக்குப் பயந்து இல்லை.

பாம்பு இருக்கட்டும், அதைத் தடுக்க வேண்டாம். உங்கள் கட்டிலைக் குசினிக்குப் பக்கத்து அறையில் திரும்பப் பொருத்திவிட்டேன், விரிப்பும் மாற்றியாயிற்று. இந்தக் கடிதத்தைத் தந்த அகஸ்ரின் இப்போது உங்கள் முன்னால்தான் நிற்பார். அவர் கையில் இருக்கிற தொலைபேசியில் எங்கள் நம்பர் போட்டு வைத்திருக்கிறது, வாங்கிப் பச்சைப் பொத்தானை அமத்தினால் போதும். தாங்கள் ஒன்றும் கதைக்க வேண்டியதில்லை. சும்மா காதில் வைத்துக்கொண்டு இருங்கள். பேசாத தில்லையம்பலத்தோடு கதைத்து அவளுக்குப் பழகிவிட்டது.