பலகை நட்ட வயல்

பலகையைப் பிடுங்கியாயிற்று. இனி அதை எங்கே நடுவது என்பதுதான் பாக்கி.

"மாதிரி வயல்" என்று எழுதிய பலகை. அதிகாரிகள் கொடுத்த புது விதையை, அவர்கள் சொன்னபடியே கயிறு பிடித்து, இடைவெளி விட்டு விதைத்தவர் ஊரிலேயே, பலகையைப் பிடுங்கி நின்ற இவர் ஒருவர்தான். அதனால் இவருக்குப் பெயரே "மாதிரி" என்று ஆகிவிட்டது. இப்போது மக்காச்சோளம் முழங்கால் உயரத்தில் மஞ்சளடித்து நின்றது. பக்கத்தில் பழைய விதை போட்ட மச்சான் வயலிலோ ஆளை மறைக்கும் பயிர்.

எங்கேயோ நாம்தான் பிசகிவிட்டோம் என்று மாதிரியை வெட்கம் பிடுங்கித் தின்றது. அதிகாரி வருகிற நாள் வேறு. பலகையை மச்சான் வரப்பில் நட்டு, மண்ணைக் காலால் மிதித்தார்.

"என்ன மாமா, என் வயலுக்குப் பேர் வைக்கிறீங்களா?" மச்சான் பின்னால் நின்றான்.

"சத்தம் போடாத மாப்ள. அவர் போற வரைக்கும்தான். மானம் போயிடும்டா."

"அக்கா முகத்துக்காகச் சும்மா இருக்கேன்."

வண்டி வந்தது. அதிகாரி கதிரைத் தடவிப் பூரித்தார். "போன ஊர்கள்லயும் இதே விளைச்சல்தான்! ஆமா, அந்த நோஞ்சான் வயல் யாரோடது?"

மாதிரியின் கை, அவரைக் கேட்காமலே மச்சானைக் காட்டியது.

"ஏம்ப்பா, பக்கத்துல பார்த்தாவது கத்துக்கக் கூடாதா? சோம்பேறி! அடுத்த போகம் ஊர் முழுக்கப் புது விதைதான். பழசை எவனும் தொடக் கூடாது."

மச்சான் தலை குனிந்து கேட்டுக்கொண்டான். அதிகாரி தண்ணீர் குடிக்க வீட்டுப் பக்கம் போனதும்தான் வாயைத் திறந்தான்.

"என்னைச் சோம்பேறின்னது போகட்டும் மாமா. ஊரே உங்க வயலாட்டம் ஆயிட்டா, எல்லாரும் என்னத்தத் திங்கிறது?"

மாதிரியால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பலகையடியில் குந்தியிருந்த வண்டி ஓட்டுநரிடம் போனார்.

"அண்ணே, இந்தப் பலகை..." அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "உங்க ஐயாகிட்ட உண்மையச் சொல்லிடணும். எல்லா ஊர்லயும் ஒழுங்கா விளைவிச்சிருக்காங்க. நான் ஒருத்தன்தான் ஏமாத்திட்டேன்."

ஓட்டுநர் பலகையின் காலடி மண்ணை விரலால் கிளறினார்.

"நீங்க ஒருத்தரா? போன ஊர்ல எல்லாம் பலகைக்கு அடியில மண்ணு இப்படித்தாண்ணே இருந்துச்சு, அன்னிக்குக் காலையில தோண்டினதா!"