இருபத்து மூன்று ஆர்டரும் ஒரு மின்னஞ்சலும்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி முழுதாக உள்ளே போன முதல் ஆள் நான். பி.காம்., முதல் வகுப்பு. பெருமைக்காகத்தான் சொல்கிறேன் (அடக்கமாகவும் சொல்லிப் பார்த்தேன், யார் காதிலும் விழவில்லை). ஆனால் ஓர் உண்மையையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். கைநாட்டு வைக்கிற என் அப்பா, எந்தக் காகிதத்தில் விரலை வைப்பதற்கு முன்னும் நாலு பேரிடம் படித்துக் காட்டச் சொல்வார். படித்தவளான நானோ, பதினெட்டுப் பக்க நிபந்தனைகளில் ஒரு வரியைக்கூடப் பார்க்காமல் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற கட்டத்தைத் தட்டினேன். படிக்கத் தெரியும் என்ற தைரியத்தில் படிக்காமல் விட்ட ஆள் எங்கள் வம்சத்தில் நான் ஒருத்திதான்.

அந்த ஒப்பந்தம் ஓர் ஆன்லைன் கடையோடு. வேலை மிகச் சுலபம் என்று நினைத்தேன். அவர்கள் விற்கும் பொருளைப் பற்றி நான் வீடியோ போட வேண்டும். வீடியோவுக்குக் கீழே எனக்கென்று ஒரு லிங்க். அதைத் தொட்டு யாராவது வாங்கி, வாங்கியதைத் திருப்பி அனுப்பாமலும் இருந்தால் எனக்குக் கமிஷன். உலகமே தொடும், நான் உட்கார்ந்த இடத்தில் சம்பாதிப்பேன்.

முதல் ஐந்து மாதங்கள் எங்கள் வீட்டில் இல்லாத பொருள்களைப் பற்றியே பேசினேன். தானாக வீட்டைப் பெருக்கும் இயந்திரத்தை, சாணி மெழுகிய களத்தில் நின்றுகொண்டு சிபாரிசு செய்தேன். எண்ணெய் இல்லாமல் பொரிக்கும் அடுப்பைப் பற்றிப் பேசும்போது பின்னால் எங்கள் ஆடு கத்தியது. ‘சிஸ்டர், ஒருவாட்டி அந்தப் பொருளைக் கண்ணுல காட்டுங்க’ என்று ஒருவர் கீழே எழுதினார். இன்னொருவர் மனதார வாழ்த்தினார்: ‘உங்க வீடியோ பாத்துட்டு தர்மபுரில கடையிலயே போய் வாங்கிட்டேன். ரொம்ப நன்றி.’ அவருக்கு மிக்ஸி கிடைத்தது. எனக்கு நன்றி கிடைத்தது.

அப்பாவுக்கு இந்தத் தொழிலில் பிடிக்காதது வேறு. அவர் தக்காளி விவசாயி. பாலக்கோடு சந்தைக்குப் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு போய், ஏலம் முடிந்ததும் கமிஷன் போக மீதியை வாங்கி வருபவர். கமிஷன் என்ற சொல்லை வாழ்க்கை முழுக்கக் கழித்தல் கணக்காகவே கேட்டவர்.

“நீ என்னா, மண்டிக்காரியா?” என்றார்.

“இல்லைங்கப்பா. வாங்கறவங்க கைல இருந்து ஒரு பைசா போவாது. கம்பெனிதான் குடுக்குது.”

“கம்பெனி எங்கிருந்து குடுக்கும்? அவன் பாட்டன் வூட்டுச் சொத்தா? மண்டிலயும் இதத்தான் சொல்றாங்க. நட்டது நானு, பறிச்சது உங்கம்மா. நடுவுல நின்னவனுக்குக் கமிஷன். எம் பொண்ணு நடுவுல நிக்கோணுமா?”

பி.காமில் இந்தக் கேள்வி வரவில்லை.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பெண்களை எடுத்தார்கள். ஹாஸ்டல், பஸ், மாதம் பிறந்தால் சம்பளம். அப்பா பேசி வைத்துவிட்டார். நான் அழுதேன், அம்மா முகத்தைத் தூக்கிக்கொண்டாள். கடைசியில் அப்பா ஒரு கெடு வைத்தார்: “ஈஸ்டர் வரைக்கும் பாரு. அதுக்குள்ள இதுல ஒரு மாச சம்பளம் அளவுக்குக் காட்டிட்டா இரு. இல்லன்னா திங்கக்கெழம பஸ் ஏறு.”

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கியிருந்தது. எனக்கு நாற்பது நாள் சொச்சம் இருந்தது.

அப்போதுதான் அந்த இருக்கையைக் கண்டேன். தடித்த ஸ்பாஞ்சில் வட்டமாக ஒரு மெத்தை, இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு பெல்ட். நின்றால் பின்னால் தொங்கும். குந்தினால் அதுவே அடியில் வந்து உட்காரும். நாள் முழுக்கக் குந்திக்கொண்டு களை எடுக்கிறவர்களுக்காகச் செய்தது. அம்மாவுக்கு முட்டி வலி. ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

அம்மா அதைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிய முதல் நாள் யாரும் வேலை செய்யவில்லை. சிரித்தார்கள். “என்னாக்கா, தவுலு அடிக்கப் போறியா?” என்றாள் பக்கத்துத் தோட்டத்துச் சின்னப்பொண்ணு அக்கா. இரண்டாம் நாளும் சிரித்தார்கள். மூன்றாம் நாள் பொழுது சாயும்போது எல்லாரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள், அம்மா மட்டும் சாதாரணமாக எழுந்து நடந்து போனாள். நான்காம் நாள் யாரும் சிரிக்கவில்லை.

நான் வீடியோ எடுத்தேன். முதன்முறையாக, கையில் இருக்கும் ஒரு பொருளைப் பற்றி. ஒரே வாரத்தில் மாதா கோயிலுக்கு வரும் பெண்களும் தோட்டத்துப் பெண்களுமாக எனக்கும் ஒன்று, எனக்கும் ஒன்று என்று வந்து நின்றார்கள். என் அத்தை ஆரோக்கியமேரிகூட வந்தாள். அவள் பஸ் நிறுத்தத்தில் இட்லிக்கடை வைத்திருப்பவள், களை எடுத்துப் பல வருஷம் ஆகிறது. அதை நான் யோசிக்கவே இல்லை. ‘பேச்சுத் திறமை, ஜெசிந்தா, பேச்சுத் திறமை’ என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

“இந்த லிங்க்கைத் தொட்டு வாங்குங்க அத்தை.”

“எங்களுக்கு அந்த எழவெல்லாம் தெரியாது புள்ள. படிச்சவ நீ, நீயே போட்டுடு.”

படிச்சவ. அந்த ஒரு சொல் போதும், நான் கிணற்றில்கூடக் குதிப்பேன். நோட்டில் பெயர்களை எழுதினேன். இருபத்து மூன்று. என் போனில், என் கணக்கில், என் லிங்க்கைத் தொட்டு, ஐந்தைந்தாகவும் கடைசியில் மூன்றாகவும் இருபத்து மூன்றையும் நானே போட்டேன். முகவரிக்குக் கோயிலை அடையாளம் சொன்னேன். ஒரு மாதச் சம்பளத்துக்கு இது காணாது என்று தெரியும். ஆனால் தொடக்கத்தைக் கண்ணால் பார்த்தால் அப்பா கெடுவைத் தள்ளி வைப்பார் என்று நம்பினேன்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் இருக்க, குருத்தோலை ஞாயிறன்று காலை, ஊர்வலமும் பூசையும் முடிந்து எல்லாரும், பெட்டி வரும் நாள் என்று வந்த தோட்டத்துப் பெண்களும், கையில் ஓலையோடு கோயில் வளாகத்தில் நின்றபோது, ஒரு குட்டி லோடு ஆட்டோ உள்ளே வந்தது.

“மேடம், இத்தன பெட்டியும் சர்ச்சுக்குங்களா?” என்றார் டெலிவரி அண்ணன், சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்தபடி.

“சர்ச்சுக்கு இல்லைங்கண்ணா, சபைக்கு” என்றேன், மிதப்பாக.

பணத்தைக் கொடுத்து, பெட்டியைப் பிரித்து, அங்கேயே கட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பட்டுச் சேலை, கையில் குருத்தோலை, பின்னால் தவுல். இருபத்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். நல்ல நீளமான ஒரு பெருமூச்சு எழுந்தது. அந்த நேரம் பார்த்து எங்கள் கோயில் பங்குச் சாமியார் வெளியே வந்தார்.

“சாமி, பூசைக்கும் இதக் கட்டிட்டு வரலாங்களா? தரையில உக்காந்தா இடுப்பு விட்டுப்போவுது” என்றாள் அத்தை.

“முழங்கால்ல நிக்கறதுக்கு இது உதவாதேம்மா” என்றார் அவர்.

அப்பா வேப்ப மரத்தடியில் கைகட்டி நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு சின்ன அசைவு தெரிந்தது. இதுதான் நேரம் என்று நினைத்தேன். அந்தக் கணத்தில் என் போன் ஒலித்தது. கம்பெனியிடமிருந்து மின்னஞ்சல்.

ஒரு புத்திசாலி என்ன செய்வாள்? தனியாகப் போய்ப் படிப்பாள். நான் என்ன செய்தேன்? “கம்பெனில இருந்து எனக்கு எழுதியிருக்காங்க!” என்று கூவினேன்.

கூட்டம் அடங்கியது. “படி புள்ள, தமிழ்ல சொல்லு” என்றாள் அத்தை.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். “‘அன்பான கூட்டாளியே’ன்னு போட்டிருக்காங்க.”

“கூட்டாளிங்கறாண்டி!” சின்னப்பொண்ணு அக்கா அம்மாவின் தோளில் இடித்தாள்.

“‘உங்கள் கணக்கை மிகக் கவனமாகப் பார்த்தோம்.’”

“பாக்காம இருப்பாங்களா? இருபத்து மூணு இல்ல!” என்றாள் அம்மா.

“‘அதில்…’”

அதோடு நின்றுவிட்டேன். என் கண்கள் மட்டும் மேலே படித்துக்கொண்டு போயின. தன் லிங்க்கைத் தொட்டுத் தானே வாங்குவது விதிக்கு விரோதம். ஒரே கணக்கில் இத்தனை ஆர்டர் போட்டிருப்பது, கமிஷனுக்காக ஆளில்லாமல் போட்ட ஆர்டர் போலத் தெரிகிறது. கமிஷன் கிடையாது. கணக்கு மூடப்பட்டது. நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளில் ஏழாவதைப் பார்க்கவும்.

“அப்புறம்?” என்றது கூட்டம்.

‘ஈஸ்டர் வாழ்த்துகள்’ என்று மொழிபெயர்த்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கோயில் வளாகம், பக்கத்தில் சாமியார். முடியவில்லை. சொன்னேன். ஒரு வரி விடாமல் சொன்னேன். ஏழாவது நிபந்தனையை நான் படிக்கவே இல்லை என்பதையும் சொன்னேன். முதல் வகுப்பு, பி.காம்., குருத்தோலையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

முதலில் வெடித்தது அத்தைதான்.

“அடிப்பாவி! நீ ஓசூர் பஸ் ஏறக்கூடாதுன்னுதானடி இத்தன பேரும் வாங்கினோம்! இட்லி சுடறவளுக்கு எதுக்குடி இது? நீ போய்ட்டா எங்க பாஸ்புக்க யாரு பாக்கறது, நூறு நாள் வேல அட்டைல என்னா ஏறியிருக்குதுன்னு யாரு சொல்றது?”

என் பேச்சுத் திறமை அந்த நொடியில் காலமானது. லிங்க் என்றால் என்னவென்றே தெரியாத இருபத்து மூன்று பேர், எனக்காகத் தங்களுக்குள் கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். நான் செய்ததற்குப் பெயர் மார்க்கெட்டிங் என்றால், அவர்கள் செய்ததற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் பெயர் இல்லை.

“எல்லாத்தயும் திருப்பிக் குடுத்துட்டு மறுபடி முறையா வாங்கினா?” என்று ஒரு குரல் கேட்டது.

“நான் குடுக்க மாட்டேன், எனக்கு நல்லாருக்குது” என்றது இன்னொரு குரல், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

அப்பா மரத்தடியை விட்டு நடந்து வந்தார். ஓசூர் என்ற சொல் வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஆளில்லாத ஆர்டர்னா போட்டிருக்கான்?”

“ஆமாங்கப்பா.”

“இத்தன பேரு உக்காந்திருக்கறாங்க. இது ஆளில்லையா?”

“ஏண்டா சூசை, கமிஷன் பொழப்பே வேணாம்னவன்தான நீ?” என்றாள் அத்தை.

“வேணாம்னு நான் சொல்றது வேறக்கா. தரமாட்டேன்னு அவன் சொல்றது வேற.” அப்பாவின் குரல் ஏறியது. “எம் பொண்ணு பொருள வாங்கி, அவங்கம்மாவக் கட்ட வச்சு, நல்லாருக்குதான்னு பாத்து, அதுக்கப்புறம் சொல்லியிருக்கறா. எந்த மண்டில இத்தன வேல பாக்கறாங்க? இதுக்குக் கூலி குடுக்கோணுமா வேணாமா? எழுது புள்ள.”

விதியை மீறியது நான்தான் என்று விளக்கிப் பார்த்தேன். “அது அவன் சொல்லட்டும்” என்றார்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பள்ளியோ வங்கியோ, எங்கே மனு கொடுத்தாலும் பங்குச் சாமியாரின் கடிதம் ஒன்றை முத்திரையோடு சேர்த்து வைப்போம். அந்த முத்திரை இல்லாத மனுவை அப்பா மனுவாகவே மதிக்க மாட்டார். அதனால் சாமியாரை மேசையருகே உட்கார வைத்து, சொல்லச் சொல்ல எழுத வைத்தார்: கீழ்க்கண்ட பெண்கள் அனைவரும் உண்மையான ஆட்கள், உயிரோடு இருக்கிறார்கள், அவரவர் சொந்த உபயோகத்துக்கு வாங்கியிருக்கிறார்கள். சின்னப்பொண்ணு அக்காவின் பெயர் வந்ததும் சாமியார் பேனாவை நிறுத்தினார். பிறகு, ‘இவர் நம் கோயில் பங்கைச் சேர்ந்தவர் அல்லர், ஆனாலும் நம்பத்தகுந்தவர்’ என்று எழுதினார். கீழே முத்திரை. நான் அதைப் படம் பிடித்து, ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் எழுதி, இருபத்து மூன்று பேரும் உட்கார்ந்திருக்கும் படத்தோடு கம்பெனிக்கு அனுப்பினேன்.

உலகம் முழுக்க வியாபாரம் செய்யும் அந்தக் கம்பெனிக்கு, திருச்சபையின் முத்திரையோடு ஒரு மனு அதற்கு முன் போயிருக்காது என்று நினைக்கிறேன். ‘உங்கள் கோரிக்கை கிடைத்தது. விரைவில் பதிலளிப்போம்’ என்று ஒரே நிமிடத்தில் தானியங்கிப் பதில் வந்தது.

“பாத்தியா? முத்திரைக்கு மரியாத” என்றார் அப்பா.

ஈஸ்டர் வந்தது. திங்கட்கிழமையும் வந்தது. நான் பையைக் கட்டி வைத்திருந்தேன்.

“எங்க கெளம்பற?” என்றார் அப்பா.

“ஓசூருக்குங்கப்பா. நீங்கதான…”

“பிராது குடுத்தவ நீ. பதில் வர்ற நேரத்துல நீ ஊர்ல இல்லாட்டி, பொய்க்கேஸ், ஓடிப்போய்ட்டான்னு சொல்ல மாட்டானா? அது தீர்ற வரைக்கும் நீ எங்கியும் போகக்கூடாது.”

பையைப் பிரித்தேன்.

இப்போது மூன்று வருஷம் ஆகிறது. வேறு இரண்டு கடைகளோடு சேர்ந்திருக்கிறேன் (நிபந்தனைகளை வரி வரியாக, அப்பாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகு). தோட்டத்தில் கட்டிப் பார்க்காத, வெட்டிப் பார்க்காத எதையும் சிபாரிசு செய்வதில்லை. அந்தப் பெண்கள்தான் பரீட்சை வைக்கிறார்கள், பாதிப் பொருள் அவர்கள் கையிலேயே தோற்றுவிடுகிறது. ஒரு மாதம் ஓசூர் சம்பளத்தைத் தாண்டும், அடுத்த மாதம் பஸ் செலவுக்குத்தான் வரும். இந்தத் தொழிலில் உட்கார்ந்த இடத்தில் சம்பாதிக்கிறவர்கள் யாராவது இருந்தால், அவர்களைப் பார்க்க எனக்கும் ஆசை.

பழைய கம்பெனியிடமிருந்து மட்டும் பதில் வரவில்லை. பூசை முடிந்து வெளியே வந்ததும் அப்பா கேட்பார்: “எழுதினானா?”

“இன்னும் இல்லைங்கப்பா.”

“விட்றாத.”

போன மாதம் பெங்களூரிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம், நல்ல பேச்சு. எல்லாம் கூடி வந்து, பையனின் அப்பா தேதி கேட்டார். எங்கள் அப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மிகுந்த வருத்தத்தோடு சொன்னார்:

“கம்பெனிகூட ஒரு வழக்கு நிலுவையில இருக்குதுங்க. அது முடியட்டும்.”

பையன் வீட்டார் திகைத்து எங்களைப் பார்த்தார்கள். ஆரோக்கியமேரி அத்தை சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தாள்.

“பயப்படாதீங்க. பொண்ணு மேல தப்பில்ல. இருபத்து மூணு சாட்சி இருக்கறோம்.”