பள்ளிக்கூட மனையும் பாகூர் போன அமுதமும்

ஒதியம்பட்டு,
ஞாயிறு காலை.

அன்பு மச்சான் ராஜாமணிக்கு உன் மாமா ஆதிமூலம் எழுதிக்கொண்டது. நீ, விஜயகுமாரி, பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருக்கத் திருக்காமீசுவரர் துணை நிற்கட்டும். அங்கே வந்து தங்கியிருக்கும் உன் அக்கா அமுதத்தின் சுகத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. என் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசாமல் எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். உன் அக்கா தன் போனில் மட்டுமல்ல, உன் போனிலும் என் நம்பரை பிளாக் செய்துவைத்திருக்கிறாள். அது உனக்கே தெரியாது.

அவள் சொன்னதைக் கேட்டிருப்பாய், என் தரப்பையும் கேள். பிள்ளைகள் குறைந்துபோய் எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியை மூடிவிட்டார்கள் அல்லவா? அந்த மனையில் வீடில்லாதவர்களுக்கு அடுக்குமாடி கட்டுவதா, ஊருக்குப் பூங்கா வைப்பதா என்று ஜனங்களிடமே கேட்க ஒரு அதிகாரி கூட்டம் போட்டார். நாங்களோ கல்யாணமான நாள் முதல் வாடகை வீட்டில் இருப்பவர்கள். இருக்கிற வீட்டையும் தை பிறப்பதற்குள் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. மூலக்குளத்தில் வேறு வீடு விசாரிக்கப் போனால், வாடகையைச் சொல்வதற்கு முன்னால் நம்மை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுக்கிறார்கள். அதனால் உன் அக்கா வீட்டுக் கட்சி. நியாயம்தான், நானும் வீட்டுக் கட்சிதான். ஆனால் மச்சான், எனக்குச் சர்க்கரை இருக்கிறதே! டாக்டர் நடக்கச் சொன்னார் என்று வில்லியனூர் ரோட்டில் நடந்தேன். ஒரு டிராக்டர் நிறையக் கரும்பு போயிற்று. அதில் ஒரு கரும்பு என் தோள் துண்டை மாட்டிக்கொண்டு மதகடிப்பட்டுப் பக்கம் போய்விட்டது. கழுத்தோடு போகாதது முன்னோர் செய்த புண்ணியம். அன்றிலிருந்து பள்ளி மைதானத்தில்தான் நடக்கிறேன். பிரிட்டோ, மணிவண்ணன் என்று இரண்டு கூட்டாளிகளும் கிடைத்தார்கள். நடந்து முடித்ததும் கடையில் சூடாக வடை. சர்க்கரை குறையவில்லை, ஆனால் மனசு லேசாயிற்று. அவர்கள் இருவரும் பூங்காக் கட்சி.

கூட்டம் நடந்தது ஒன்றாம் வகுப்பு அறையில். அதிகாரி சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால் தாடையை இடித்தது. உன் அக்கா சொல்லிக்கொடுத்த பேச்சை நெட்டுருப் போட்டிருந்த நான் மைக்கைப் பிடித்து, "ஐயா, எங்களுக்கு வூடு வேணும்" என்றேன். பெண்கள் பக்கம் ஒரே கைதட்டல். அந்த நேரம் பார்த்து முன்வரிசையில் இருந்த பிரிட்டோ என்னை நிமிர்ந்து பார்த்தார். பிரெஞ்சு அரசாங்கத்துப் பென்ஷன் வாங்கும் பெரிய மனுஷர், அடைமழையிலும் எனக்காகக் குடையோடு காத்து நின்றவர். அவர் கண் கலங்கியது போலிருந்தது. என் நாக்கு பிறழ்ந்துவிட்டது. "வூடு மட்டும் இருந்தா போதுமா? காத்து வேணாமா? கால வீசி நடக்க எடம் வேணாமா?" என்று வாய் தன் பாட்டுக்குப் போக, பூங்காக் கட்சிப் பக்கம் விசில் பறந்தது.

அதிகாரி, "பெரியவரே, ஒங்களுக்கு இன்னாதான் வேணும்? வூடா, பார்க்கா?" என்றார்.

"ரெண்டுந்தான் சார்."

"எடம் ஒண்ணுதானப்பா இருக்குது!"

"அப்ப பார்க்கே வச்சிடுங்க. அதுக்குள்ள எனக்கு மட்டும் ஒரு வூடு கட்டிக் குடுத்துடுங்க."

கூரை அதிரச் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்தாள். "நடக்கத்தான எடம் கேட்டீங்க? நல்லா நடங்க. நான் பஸ்ல போறன்" என்று சொல்லிவிட்டுப் பாகூர் பஸ் ஏறிவிட்டாள். போகிறபோது குக்கர் விசிலையும் முந்தானையில் முடிந்துகொண்டு போயிருக்கிறாள். சோறு வேகாமல் நான் படும் பாட்டை என்னவென்று எழுதுவேன்.

பிறகு நடந்ததையும் கேள். ஆளுக்குப் பாதி என்று அதிகாரி மைதானத்தின் நடுவில் சுண்ணாம்புக் கோடு போடவைத்தார். வீட்டுக் கட்சி கோட்டைக் காலால் அழித்துத் தள்ளிப் போட்டது. உடனே பூங்காக் கட்சி நாங்கள் அந்தப் பக்கம் தள்ளினோம். அவர்கள் இந்தப் பக்கம் தள்ளினார்கள். கடைசியில் பூங்கா முழுவதும் மைதானத்தை ஒட்டியிருக்கும் ராஜ்குமாரின் கரும்புக் கொல்லைக்குள் போய்விட்டது. அவன் கொடுவாளோடு வந்து, "யார்ரா என் கொல்லையில ஊஞ்சல் கட்டப் போறவன்?" என்று நின்றான். எல்லோரும் ஓடினோம். என் வயதுக்கு நான் அவ்வளவு வேகமாக ஓடியதில் டாக்டருக்கே மகிழ்ச்சி.

ஓடிப்போய் வேலியோரம் மூச்சு வாங்கியபோதுதான் யோசித்தேன். ஊரே இரண்டுபட்டாலும் அவரவர் வீட்டில் சாயங்காலம் விளக்கு ஏற்ற ஒருத்தி இருக்கிறாள். எனக்கு மட்டும் இல்லை. நேரே அதிகாரியிடம் போய், இனி வீட்டுக் கட்சிதான், பேச்சு மாறமாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்துவிட்டேன். என் குரல் கணீரென்று இருக்கிறதாம், என்னையே செயலாளராகவும் ஆக்கிவிட்டார்கள். பிரிட்டோ இப்போது என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வடைக் கடைப் பக்கம் போகவே வழியில்லை. இவ்வளவும் யாருக்காக? உன் அக்காவுக்காக. எடுத்துச் சொல்லி, கெஞ்சி, அவளை உடனே அனுப்பி வை.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். விஜயகுமாரிக்கு என் அன்பு. உன் அக்காவுக்கு மட்டும் என் பணிவான வணக்கம்.

இப்படிக்கு,
உன் மாமா
ஆதிமூலம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் உன் அக்காவே வந்து இறங்கிவிட்டாள். விஜயகுமாரி தன் தங்கையின் அடுக்குமாடி வீட்டைக் காட்டக் கூட்டிப்போனாளாமே! "மூணாவது மாடி, ரெண்டு ரூமு. நாளெல்லாம் அதுல குந்திக்கினு ஒங்க மூஞ்சியவே பாத்துக்கினு இருக்கணுமா? வாடகைக்கு வூடு எங்கன்னா கெடைக்கும், நெழல் கெடைக்குமா?" என்கிறாள். பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே மைதானத்துக்குப் போய்ப் பூங்காக் கட்சியில் சேர்ந்துவிட்டாளாம். பிரிட்டோ மாலையே போட்டாராம். நானோ சத்தியம் செய்தவன், செயலாளர் வேறு. எதிர்க்கட்சிக்காரனுக்கு இந்த வீட்டில் இடமில்லை என்கிறாள். ஆகவே மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். சாயங்கால பஸ்ஸில் இந்தக் கடிதத்தையும் கையில் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். அவள் படுத்திருந்த பாயைச் சுருட்டி வைக்காதே.