மைதா அண்ணனின் மூக்கு

திண்டிவனத்து ஆடுகள் எல்லாம் மரியாதை கொடுத்த ஒரே மனிதர் மைதா அண்ணன்தான். சினிமா போஸ்டர் ஒட்டுவது அவர் தொழில். மற்றவர்கள் ஒட்டினால் பசை காய்வதற்குள் ஆடு வந்து கதாநாயகியைத் தின்றுவிடும். இவர் மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்துவிடுவார். ஒரு நக்கு நக்கிய ஆடு, அப்புறம் அந்தத் தெருப்பக்கமே வராது.

பசை வாடை மூளைக்கு ஏறினால் புத்தி கெட்டுவிடும் என்று அவருக்கு ஒரு திடமான நம்பிக்கை. அதனால் எந்நேரமும் மூக்கை மூடி ஒரு துண்டு. டீ குடிக்கும்போதும் அவிழ்க்க மாட்டார். கீழிருந்து கிளாஸை உள்ளே அனுப்புவார். அவர் கண்களைத் தவிர வேறெதையும் நாங்கள் பார்த்ததில்லை.

எங்கள் கல்லூரி ஹாஸ்டல் விழாவுக்கு ஒரு நாடகம் போட்டோம். ஊர்க் கிணற்றைப் பூட்டிவைத்த ராஜாவின் கதை. எனக்கு வசனம் வாயில் நிற்காது என்பதால் உடையும் முகமூடியும் என் தலையில் விழுந்தன. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்திலிருந்து, கரும்புக் காட்டை விட்டு நகராத என் அப்பா, முதல்முறையாக என் கல்லூரியைப் பார்க்க வருகிறார். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. நாடகம் நடந்தே ஆகவேண்டும்.

மைதா அண்ணனைப் பிடித்தேன். பழைய போஸ்டர் கட்டோடு வந்தார். ராஜாவுக்கு மட்டும் வீட்டிலிருந்தே ஒரு களிமண் அச்சு. மற்றவர்களுக்கெல்லாம் சட்டியின் அடிப்பாகம்தான் அச்சு. அவர்களுக்கு மூக்கே கிடையாது. நான் போஸ்டரைக் கிழிப்பேன். அவர் ஒட்டுவார், திட்டுவார்.

"இன்னாப்பா, பஸ் டிக்கெட்டாட்டம் கிழிக்கிற? பெருசா கிழி. ஜல்தி!"

ராஜா முகமூடி காய்ந்ததும் வார்டன் வந்தார். நடுவில் மேடேறி, நுனியில் இடப்பக்கம் சாய்ந்த அந்த மூக்கைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது.

"டேய், இது ரைஸ்மில் முதலாளி மூக்குடா! பந்தல், மைக்செட்டு எல்லாம் அவர் உபயம். முன்வரிசையில உக்காரப்போறாரு. மூக்கை மாத்து. இல்லேன்னா நாடகமே கிடையாது!"

"மாத்த மாட்டேன் சார்," என்றது துண்டு.

வார்டன் போனதும் நான் கெஞ்சினேன். "எங்கப்பா வர்றாருண்ணே."

"வரட்டும்பா. நல்ல மூக்கா நாலு பாத்துட்டுப் போவட்டும்."

மறுநாள் வார்டன் வந்து பார்த்தால், மந்திரிக்கும் அதே மூக்கு. காவல்காரனுக்கும் அதே மூக்கு. தண்ணீர் கேட்டு வரும் குடியானவனுக்கும், அவனுடைய கழுதைக்கும் அதே மூக்கு.

"இப்ப சொல்லுங்க சார். இவங்க அல்லாரும் முதலாளியா?"

வார்டன் ராஜாவைப் பார்த்தார். கழுதையைப் பார்த்தார். "ஒழுங்கா நடத்துங்கடா" என்று கிளம்பினார்.

நாடகம் நடந்தது. என் அப்பாவும் வந்து உட்கார்ந்திருந்தார். ரைஸ்மில் முதலாளி முன்வரிசையில் வயிறு குலுங்கச் சிரித்தார். தன் மூக்கைத் தடவிக்கொண்டே வார்டன் பக்கம் சாய்ந்து, "அந்தக் கழுதை அப்படியே நீங்கதான் சார்!" என்றார்.

திரை விழுந்ததும், மேடைக்குப் பின்னால் மைதா அண்ணன் வியர்வை துடைக்கத் துண்டை அவிழ்த்தார். நடுவில் மேடு. நுனியில் இடப்பக்கம் சாய்வு.

"அண்ணே... இது உங்க மூக்கா?"

"பின்ன? மூஞ்சில களிமண்ணப் பூசிக்கினு கம்முனு கெடக்க வேற யாரு கீறாங்க?"

"வார்டன்கிட்ட சொல்லியிருந்தா அன்னிக்கே பேஜாரு முடிஞ்சிருக்குமேண்ணே!"

"சொல்லியிருந்தா, போஸ்டர் ஒட்றவன் மூஞ்சிய ராஜாவுக்கு வெக்க உட்டிருப்பாரா?" என்றவர், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்கும்படி பந்தலின் நடுவழியாகவே நடந்து போனார்.

அந்தக் கழுதை முகமூடி இப்போது என் வாடகை அறைச் சுவரில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாம், "கழுதைய எதுக்குப்பா மாட்டி வெச்சிருக்க?" என்று கேட்கிறார்கள்.

எங்கள் ராஜா என்று சொல்கிறேன்.