நேர்முகத் தேர்வுக்குக் கொண்டுபோன கடற்பாசி

தான் படித்ததைத் தன் வீட்டாருக்கே விளங்கப்படுத்தத் தெரியாத ஒருவன் விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கக் கூடாது. இந்த உண்மையை நான் விண்ணப்பித்த பிறகுதான் கண்டுபிடித்தேன்.

என் ஆய்வு இதுதான். கண்ணுக்குத் தெரியாத சிறு துகள்களை மெத்தென்ற ஒரு பரப்பில் போட்டால், ஒவ்வொன்றும் தன் இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் போடும். பக்கத்துத் துகள் அந்தப் பள்ளத்தை நோக்கிச் சரியும். யாரும் தொடாமலே அவை ஒன்றுசேர்ந்து ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும். பாரிசவாதத்தில் விழுந்த அப்பாவின் ஸ்பொஞ்ச் மெத்தையில் நான் போய் உட்கார்ந்தால் அவர் என் பக்கம் சாய்வாரே, ஏறக்குறைய அதே கதைதான். (இதை அவரிடமே சொன்னேன். "இதுக்கா மனே இவ்வளவு காலம் படிச்சாய்?" என்றார்.)

அந்த வேலை எனக்கு வேண்டியிருந்ததும் அவருக்காகத்தான். கிடைத்தால் எங்கள் ஊர் பழுகாமத்திலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம், இரவில் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க அக்காவுக்கு ஒரு கை இருக்கும். கிடைக்காவிட்டால் கத்தாருக்குப் போக வேண்டும். அங்கே கட்டடம் கட்டுமிடத்தில் ஒரு வேலை தயாராக இருந்தது.

தேர்வில் ஆய்வைச் சுருக்கமாக விளக்க வேண்டும். மற்றவர்கள் திரையில் படம் காட்டுவார்கள், நான் நிஜத்தையே காட்டுவேன் என்று தீர்மானித்தேன். பரப்புக்குக் கடற்பாசி, காய்ச்சித் தட்டில் ஊற்றினால் மெத்தென்று உறையுமே, அந்தத் தின்பண்டம். துகளுக்குச் சைக்கிள் சில்லுக்குள் இருக்கும் சின்ன இரும்புக் குண்டுகள். வீட்டில் நான் காய்ச்சிப் பார்த்ததில் குண்டுகள் அழகாகச் சேர்ந்தன. அந்த ஆணவத்தில், தேர்வுக்கு உரியதை அக்காவிடம் காய்ச்சச் சொல்லிவிட்டுச் சப்பாத்து மினுக்கப் போய்விட்டேன். பெரிய விஞ்ஞானி அல்லவா!

தேர்வுக் குழுவின் முன் கடற்பாசித் தட்டை வைத்து, குண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டேன்.

"இப்ப பாருங்க சேர், தாங்களாகவே ஒண்டுசேரும்."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஒன்றும் அசையவில்லை. விரலால் அழுத்திப் பார்த்தேன். அந்தக் கடற்பாசியின் மேல் மாடி வீடு கட்டலாம்.

"கொஞ்சம் பொறுங்க சேர், வரும்."

மின்விசிறி சுற்றியது. நான் இன்னும் இரண்டு குண்டுகளைப் போட்டேன். கடைசியில் ஓரத்தில் இருந்த அம்மணி மெதுவாகச் சொன்னார்: "தம்பி, வருகுது போலதான் இரிக்கு."

மேசைக் காலால் எறும்புகள் ஏறிக்கொண்டிருந்தன. நேரே தட்டுக்கு வந்து, ஒவ்வொரு குண்டையும் சுற்றி வட்டமாக நின்றன. ஒழுங்கில் ஒரு குறை சொல்ல முடியாது. என் ஆய்வேட்டில் இருக்கும் படம் அப்படியேதான். ஒன்று மட்டும் ஒழுங்கை மீறித் தலைவரின் முழங்கைக்குப் போய்க் கடித்தது.

"விளங்குது தம்பி, நீங்க போகலாம்" என்றார் அவர், சொறிந்துகொண்டே.

வீட்டுக்கு வந்து தட்டை வைத்ததும் அக்காவைப் பிடித்துக்கொண்டேன்.

"சீனி போட்டாயா?"

"சீனி இல்லாத கடற்பாசிய ஆருடா தின்னுவான்? பெரிய ஆக்களுக்கு முன்னால வைக்கிறது எண்டாய். பஸ்ஸில உடைஞ்சிரும் எண்டுதான் கட்டியாக் காய்ச்சினன்."

சொல்லிவிட்டு அவள் அழத் தொடங்கினாள். வேலை போனது எங்கள் இருவருக்கும் தெரிந்துவிட்டது. அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவருடைய கோணிய வாய் துடித்தது. இவரும் அழப் போகிறார் என்று பயந்தேன். சிரித்தார். விழுந்த நாளுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார்.

"மறுகா என்ன, வேல எறும்புக்குத்தான்" என்றார்.

நான் கத்தாருக்குப் போனேன். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அவர் இந்தக் கதையைச் சொன்னாராம். திக்கித் திக்கி, தலைவர் சொறிந்ததை வாதம் விழாத கையால் நடித்தும் காட்டி. அடுத்த மாரிக்குள் போய்விட்டார். நான் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. செத்த வீட்டில் முன்பின் தெரியாத ஒருவர் என் கையைப் பிடித்து, "எறும்புத் தம்பி நீங்கதானே?" என்றார். அவ்வளவு பேருக்கு நடுவில் வாய்விட்டு அழுதேன்.

இப்போதும் சீனிப் போத்தலில் எறும்பு ஏறினால் அக்காவின் மகள் கத்துவாள்: "மாமா, உங்கட துகள் வந்திட்டு!" எல்லோரும் சிரிப்பார்கள். முழுக்கதையையும் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள். நானும் கைகால் ஆட்டிச் சொல்வேன்.

"என்னதான் எண்டாலும் அப்பா சொல்ற மாதிரி வராது" என்பாள் அக்கா.

இருக்கலாம். அவர் இந்தக் கதையைச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை.