மின்மகானும் ஒரு மிட்டாய்த் தாளும்

டயர் கடை மாடியில் மின்மகான் எழுந்தருளியிருந்தார். படிக்கட்டு முழுக்கக் கூட்டம். கைக்குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கி வந்ததுபோல் ஆளுக்கொரு கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தன்னுடையதற்கு விசிறிக்கொண்டிருந்தார். பயணக் களைப்பாம்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் குடிக்கும் பேய் ஒன்று இருக்கிறது. மகான் தரும் சாந்த வில்லையை ஒட்டினால் அது அடங்கிவிடும். வில்லை என்றால் நாணய அளவில் ஓர் அலுமினியத் தகடு, பின்னால் பசை. விலையைக் கேட்டால் நமக்குத்தான் பேய் பிடிக்கும்.

வரிசையில் வசனக்காரியும் நின்றாள். வேற்றுமொழிப் படங்களின் அடியில் ஓடும் வரிகளை எழுதுபவள். கையில் அவளே பார்த்துப் பார்த்துத் திருகிச் சேர்த்த குட்டிக் கம்ப்யூட்டர். கிராபிக்ஸ் கார்டு என்று தனியாக எதுவும் கிடையாது. படம் காட்டும் வேலையையும் பிராசசரே பார்த்துக்கொள்ளும் ரகம். செலவும் குறைவு, மின்சாரமும் குறைவு. பத்து மாதம் சும்மா இருந்தவளுக்குத் திங்கட்கிழமை காலை இதில்தான் புது வேலை. மெஷின் இல்லையென்றால் வேலையும் இல்லை.

அவளை இழுத்து வந்தவர் அவள் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எந்த லிஃப்டும் அவர் கை பட்டால் மேலே போகும். புத்தி மட்டும் தரைத்தளத்திலேயே நின்றுவிட்டது. வீட்டில் ஃபிரிட்ஜ், மிக்ஸி, சுவர்க் கடிகாரம் எல்லாவற்றிலும் வில்லை.

"ஒரு தடவை காட்டிட்டுப் போயிடலாம்மா. காசா, பணமா?"

"காசுதாங்க."

மாடியில், சுவரில் பெரிய சிவப்பு எண்களோடு ஒரு மீட்டர். எந்த மெஷின் எத்தனை வாட் இழுக்கிறது என்று காட்டும். முதலில் மருந்துக்கடைக்காரர். அவர் மெஷினில் ஏதோ சண்டை விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மீட்டர் 238.

"பார்த்தீங்களா, என்னமா உறிஞ்சுது" என்றார் மகான். "திரையில இருக்கிற மாயை எல்லாத்தையும் மூடுங்க. கையை நெஞ்சில வைங்க. கண்ணையும் மூடிக்குங்க."

வில்லை ஒட்டப்பட்டது. இரண்டு நிமிடம் மௌனம். கூடம் கண்ணைத் திறந்தபோது மீட்டரில் 61. கைதட்டலில் கீழே டயர்கள் உருண்டிருக்கும். கண்ணை மூடாமல் இருந்தது வசனக்காரி மட்டும்.

அடுத்து அவள் முறை. மெஷினில் படம் ஒன்றை ஓடவிட்டாள். மீட்டர் 24.

அருள் வாங்கிய மெஷினைவிட அருள் வாங்காதது குறைவாகக் குடிக்கிறதே! மகான் கண்களைச் சுருக்கினார்.

"நாடி விழுந்துபோச்சு. கார்டு இல்லாத மெஷின் தலையில்லாத முண்டம். நாற்பத்தெட்டு நாள் இங்கேயே இருக்கட்டும். எடுத்துட்டுப் போனா மூணு நாள்ல கருகிடும்."

சிஷ்யன் மெஷின் மேல் கை வைத்துவிட்டான்.

"கொடுத்துடும்மா" என்றார் வீட்டுக்காரர், பயந்த குரலில்.

"கொடுக்கிறேங்க. அதுக்கு முன்னாடி ஒரு சின்னச் சந்தேகம். மருந்துக்கடை அண்ணே, வில்லை அப்படியே இருக்கட்டும். விளையாட்டை மறுபடி ஓட விடுங்களேன்."

தன் மெஷினை மறுபடி மீட்டரில் மாட்டி ஓடவிட்டார். 237... 238.

"பேய் முழிச்சுக்கிச்சு" என்றார் மகான். குரலில் எச்சில் குறைந்திருந்தது.

"சரி, இப்போ வில்லையைப் பிச்சிடுங்க." பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தாளை அவர் மெஷின் மேல் ஒட்டினாள். "விளையாட்டை மூடுங்க. யாரும் கண்ணை மூட வேணாம்."

மீட்டர் மளமளவென்று இறங்கியது. 61.

"என் அருள் மிட்டாய்த் தாள்லயும் இறங்கிடுச்சு" என்றார் மகான்.

"அப்போ வில்லை எதுக்கு சாமி?" என்று கேட்டவள் வீட்டுக்காரரிடம் திரும்பினாள். "ஏங்க, லிஃப்ட் ஆளைத் தூக்கும்போது மோட்டார் இழுக்கும். சும்மா நிக்கும்போது?"

"இழுக்காது" என்றவர் அப்படியே நின்றார். பதினெட்டு வருடம் மோட்டார் பார்த்த மனிதர். தரைத்தளத்தில் இருந்த புத்தி தடதடவென்று மேலே வந்து சேர்ந்தது. "அட, இது எனக்குத் தெரிஞ்ச சமாச்சாரம்தானே. டேய், எடுடா கையை."

சிஷ்யன் எடுத்தான். மகான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகப் பின்படிக்கட்டில் இறங்கினார். கிணறு வெட்டிக் குடிக்கப் போனாரோ என்னவோ, திரும்பவே இல்லை.

வசனக்காரி மெஷினை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால், வழியை அடைத்துப் புது வரிசை. முன்னால் மருந்துக்கடைக்காரர், கைகட்டி.

"தாயே, அந்த மிட்டாய்த் தாள் இன்னும் ரெண்டு கிடைக்குமா?"

அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தாள் எந்தப் பெட்டிக்கடையிலயும் கிடைக்கும் அண்ணே. யோசனைதான் கடையில கிடைக்காது. அதுக்குன்னு தனி கார்டும் வேணாம், மண்டைக்குள்ளேயே சேர்ந்து வருது. என்ன ஒண்ணு, நீங்கதான் ஆன் பண்ணணும்."